பெத்னல் கிரீன் ஆய்வு: அன்றாட வாழ்வின் வழியே ஒரு நகர்ப்பகுதி – ஒரு மதிப்பீடு

நகரத்தின் நடுவே உள்ள பழைய, நெரிசலான குடியிருப்புப் பகுதி ஒன்றை ஆராய இரண்டு வழிகள் உண்டு. வீடுகளை எண்ணுவது ஒரு வழி. ஒரு வீட்டில் எத்தனை அறைகள், எத்தனை பேர், குளியலறை உண்டா, வருமானம் எவ்வளவு என்று கேட்டுப் பட்டியலிடலாம். அங்கு வாழ்வோரின் ஒரு நாளைக் கேட்பது மற்றொரு வழி. நேற்று யாரைப் பார்த்தீர்கள், கடைக்குப் போகும்போது குழந்தையை யாரிடம் விட்டீர்கள், உடம்பு சரியில்லாதபோது சோறு ஆக்கிக் கொடுத்தது யார் என்று கேட்கலாம். இரண்டாவது வழியில் எழுதப்பட்டுப் பெரும் புகழ் பெற்றதும், பிறகு கடும் விமர்சனத்துக்கு உள்ளானதுமான ஒரு நூலை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் ஆகிய இருவரும் எழுதிய 'ஃபேமிலி அண்ட் கின்ஷிப் இன் ஈஸ்ட் லண்டன்' என்னும் நூல் 1957-ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழில் இதைக் 'கிழக்கு லண்டனில் குடும்பமும் உறவும்' எனலாம். லண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனில் வாழ்ந்த உழைக்கும் மக்களின் குடும்ப வாழ்வே இதன் பொருள். இது பொதுமக்களிடையேயும் பரவியது. 1962-இல் பெங்குவின் நிறுவனத்தின் மலிவுப் பதிப்பாக வந்த பிறகு, கட்டடக் கலைஞர்களும் நகரமைப்பு அலுவலர்களும் ஆசிரியர்களும் இதைப் படித்தனர்.

களத்தின் பின்னணி

பெத்னல் கிரீன் லண்டன் மாநகரின் வணிக மையத்துக்கு மிக அருகில் உள்ள பகுதி. 1965-இல் ஸ்டெப்னி, பாப்லர் ஆகிய பகுதிகளுடன் இணைந்து டவர் ஹாம்லெட்ஸ் ஆகும் வரை தனி நகராட்சியாக இருந்தது. பிரான்சிலிருந்து சமயக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் மக்கள் இவ்வட்டாரத்தில் பட்டு நெசவை வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் வந்தனர். தச்சு வேலை, தையல், காலணி, துறைமுகச் சுமை வேலை ஆகியவை இங்குள்ளவர்களின் பிழைப்பாக இருந்தன.

1901-இல் இங்கு ஏறத்தாழ 1,30,000 பேர் வாழ்ந்தனர். 1951-இல் அத்தொகை 60,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. போர்க்காலக் குண்டுவீச்சும், பழைய வீடுகளை இடித்து மக்களை வெளியே குடியமர்த்தியதும் இதற்கு முக்கியக் காரணங்கள். 1943 மார்ச் 3 அன்று இங்குள்ள சுரங்க ரயில் நிலையத்தில் தஞ்சம் புகச் சென்ற மக்களிடையே ஏற்பட்ட நெரிசலில் 173 பேர் இறந்தனர். யங்கும் வில்மாட்டும் ஆய்வுக்கு வந்தபோது அந்த நினைவு பத்தாண்டே பழையது.

இப்பகுதியை ஆராய வந்தவர்களில் இவர்கள் முதலாமவர்கள் அல்லர். சார்லஸ் பூத் என்னும் செல்வந்தர் 1880-களில் தொடங்கி லண்டன் மக்களின் வாழ்வையும் உழைப்பையும் பற்றி மாபெரும் கணக்கெடுப்பை நடத்தினார். அது இறுதியில் 17 தொகுதிகளாக விரிந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகச் செல்லும் கல்வி வாரிய ஊழியர்களிடம் விவரம் கேட்டு, ஒவ்வொரு தெருவுக்கும் அவர் ஒரு நிறம் தீட்டினார். செல்வந்தர் தெரு மஞ்சள். மிகத் தாழ்ந்த நிலையில் இருப்பவர் தெரு கறுப்பு. பெத்னல் கிரீனின் 'ஓல்டு நிக்கல்' என்ற சேரி அவருடைய வரைபடத்தில் கறுப்பாக இருந்தது.

அச்சேரியை லண்டன் மாவட்ட மன்றம் இடித்து, அங்கே 'பவுண்டரி எஸ்டேட்' என்ற குடியிருப்பைக் கட்டி 1900-இல் திறந்தது. அழகான செங்கல் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் அங்கிருந்து பெயர்க்கப்பட்ட ஏறத்தாழ 5,700 பேரில் புதிய வீடு கிடைத்தவர்கள் மிகச் சிலரே. வாடகையும் விதிகளும் அவர்களுக்கு எட்டவில்லை. வீடு சரியானது, அந்த வீட்டுக்கு உரியவர்கள் போய்விட்டார்கள். யங்–வில்மாட் நூலைப் புரிந்துகொள்ள இந்த முன்கதை தேவை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் கண்டதும் இதன் இன்னொரு வடிவமே.

ஆய்வாளர்கள் இருவர்

மைக்கேல் யங் தொழிற்கட்சியின் ஆய்வுத் துறையில் பொறுப்பு வகித்தவர். 1945 தேர்தலில் அக்கட்சி வெளியிட்ட அறிக்கையை எழுதியதில் பெரும் பங்கு அவருடையது. அந்த ஆட்சி வீடு, மருத்துவம், ஓய்வூதியம் எனப் பலவற்றைச் செய்தது. ஆயினும் மக்கள் எதைக் கொண்டு வாழ்கிறார்கள் என்பதை அது கவனிக்கவில்லை, குடும்பத்தை மறந்துவிட்டது என்ற குறை அவருக்கு இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் அரசியலிலிருந்து விலகிச் சமூகவியல் படித்தார். பிறகு பெத்னல் கிரீனில் சமுதாய ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பீட்டர் வில்மாட்டும் தொழிற்கட்சி ஆய்வுத் துறையில் இருந்தவரே. அவர் தம் குடும்பத்துடன் பெத்னல் கிரீனிலேயே குடியேறினார். அவருடைய மனைவி பிலிஸ் அக்காலத்தில் எழுதிய நாட்குறிப்புகள் பின்னாளில் தனி நூலாக வெளிவந்தன.

இருவரும் ஒரு நோக்கத்தோடு வந்தவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நூலின் பலமும் பலவீனமும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

ஆய்வு முறை

களப்பணி 1953 முதல் 1955 வரை நடந்தது. முதலில் வாக்காளர் பட்டியலிலிருந்து தேர்ந்த 933 பேரிடம் சுருக்கமான வினாக்கள் கேட்கப்பட்டன. பெற்றோர் எங்கே இருக்கிறார்கள், உடன்பிறந்தோர் எத்தனை பேர், அவர்களைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பன போன்ற கேள்விகள் அவை. அவர்களில் இளம் பிள்ளைகள் உள்ள 45 தம்பதியரிடம் ஆய்வாளர்களே சென்று நீண்ட நேரம் பேசினர்.

பெத்னல் கிரீனிலிருந்து 20 மைலுக்கும் குறைவான தொலைவில், எசெக்ஸ் பகுதியில், மாவட்ட மன்றம் ஒரு புதிய குடியிருப்பைக் கட்டியிருந்தது. அங்கு குடிபெயர்ந்த 47 தம்பதியரிடமும் இவ்வாறே பேசினர். அவர்களில் 41 தம்பதியரை 1955-இல் மறுபடியும் சந்தித்தனர். நூலில் இக்குடியிருப்புக்குக் 'கிரீன்லீ' என்று புனைபெயர் இடப்பட்டுள்ளது. உண்மையில் அது டெப்டன்.

இந்த முறையின் புதுமையை விளக்க என் சொந்த அனுபவம் ஒன்றைக் குறிப்பிடலாம். ஆசிரியர்களாகிய எங்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணி வருவதுண்டு. படிவத்தில் 'குடும்பத் தலைவர்', அவருக்கு மற்றவர் என்ன உறவு, எத்தனை அறைகள் என்று கட்டங்கள் இருக்கும். 'எதிர் வீட்டில் என் மகள் இருக்கிறாள், உலை வைப்பதுதான் தனித்தனி, மற்றதெல்லாம் ஒன்றுதான்' என்று ஒரு மூதாட்டி சொன்னபோது, அதை எழுத எந்தக் கட்டமும் இல்லை. எங்கள் கணக்கில் அவை இரண்டு வீடுகள், அதிலும் ஒன்று தனியாக வாழும் முதியவர் வீடு. யங்கும் வில்மாட்டும் செய்தது அந்த விடுபட்ட கட்டத்தை வரைந்ததுதான்.

நூல் கண்டுபிடித்தது என்ன?

தொழில்மயமான நகரங்களில் பெரிய குடும்பம் சிதைந்துவிட்டது, கணவன் மனைவி பிள்ளைகள் மட்டும் கொண்ட சிறு குடும்பமே மிஞ்சியது என்று அக்காலச் சமூகவியலாளர் பலர் நம்பினர். பெத்னல் கிரீனில் அப்படி இல்லை என்று இந்நூல் காட்டியது. தாய் உயிரோடிருக்கும் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் முந்தைய 24 மணி நேரத்துக்குள் தாயைப் பார்த்திருந்தனர். ஆண்களில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மகள்கள் தாய் வீட்டுக்கு அடுத்த தெருவிலோ அதே தெருவிலோ குடியிருந்தனர். காலையில் அங்கே போய்த் தேநீர் குடித்து, சேர்ந்து கடைக்குப் போய், பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போயினர். 'தாய் வீடு' என்ற சொல்லின் கனம் தெரிந்த தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்காது. ஆனால் தம் நாட்டின் தலைநகர் நடுவே இப்படி ஓர் அமைப்பு இயங்குவது படித்த ஆங்கிலேயர்களுக்கே புதுச் செய்தியாக இருந்தது.

அன்பு மட்டுமே இதற்குக் காரணமல்ல என்பதை நூல் நன்றாக விளக்குகிறது. இப்பகுதியில் ஆண்களின் வருமானம் பல தலைமுறைகளாக நிலையற்றதாக இருந்தது. வேலையின்மை, நோய், குடி, போர் என ஏதேனும் ஒன்றால் கணவன் துணை இல்லாமல் போகலாம். அப்போது பெண்ணுக்கு நம்பிக்கையான ஒரே காப்பீடு தாய்தான். பெண்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சங்கம் என்றே இதைச் சொல்லலாம்.

வீடு கிடைப்பதற்கும் தாயே வழி. வாடகை வசூலிக்க வாரந்தோறும் வருபவரிடம் தாய் நல்ல பெயர் வாங்கியிருப்பாள். 'என் மகளுக்குக் கல்யாணம் ஆகிறது, பக்கத்தில் ஒரு வீடு காலியானால் சொல்லுங்கள்' என்று அவள் பரிந்துரைப்பாள். உறவு வீட்டைக் கொண்டுவந்தது. வீடு உறவைக் காத்தது. நகராட்சி வீடுகளில் இந்தப் பரிந்துரை செல்லாது. அங்கே தேவையின் அளவுப்படி பட்டியல், வரிசை எண்.

தெருவைப் பற்றிய பகுதி நூலில் மிகச் சிறந்தது. ஒரு பெண் ஒரு வாரத்தில் தெருவில் சந்தித்த தெரிந்த முகங்களை எல்லாம் குறித்துவைக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். எண்ணிக்கை 60-ஐத் தாண்டியது. அவர்களில் பலர் ஒருவருக்கொருவர் உறவினர். உறவினர் ஒவ்வொருவரும் ஒரு பாலம். அக்காவின் பள்ளித் தோழி, மாமியாரின் அண்டை வீட்டார் என்று அறிமுகம் விரிகிறது. உறவு இருப்பதால் மக்கள் வெளியாரிடமிருந்து ஒதுங்கிவிடவில்லை. உறவே அவர்களை ஊரோடு சேர்த்தது. ஒரு வார நாட்குறிப்பிலிருந்து இவ்வளவு பெரிய உண்மையை எடுத்துக் காட்டியது அன்றாட வாழ்வை ஆராயும் முறையின் வெற்றி.

கிரீன்லீயில் நடந்தது

நூலின் இரண்டாம் பாதி குடிபெயர்ந்தவர்களைப் பற்றியது. புதிய இடத்தில் தோட்டம், தனிக் குளியலறை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, நல்ல காற்று எல்லாம் இருந்தன. 'பிள்ளைகளுக்காக வந்தோம்' என்றே பலரும் சொன்னார்கள். ஆனால் தாய் இல்லை. பெத்னல் கிரீனில் இருந்தபோது மனைவியர் வாரத்துக்குச் சராசரியாக 17 முறை உறவினரைச் சந்தித்தனர். புதிய இடத்தில் அது மூன்றாகவும், இரண்டாண்டு கழித்து அதற்கும் கீழாகவும் குறைந்தது.

பெத்னல் கிரீனில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரு மதுக்கடையும் 44 பேருக்கு ஒரு கடையும் இருந்தன. கிரீன்லீயில் 5,000 பேருக்கு ஒரு மதுக்கடை, 300 பேருக்கு ஒரு கடை. ஆங்கிலேயரின் அவ்வகை மதுக்கடை குடிக்கும் இடம் மட்டுமல்ல. கூடிப் பேசும் திண்ணையும் அதுதான். அது தொலைவானதும் மாலைப்பொழுது வீட்டுக்குள் சுருங்கியது. தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த வீடுகளின் விகிதம் பெத்னல் கிரீனைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. யார் எவர் என்று தெரியாத இடத்தில் மனிதரை அவருடைய பொருளை வைத்தே எடைபோட வேண்டியிருந்தது என்கிறது நூல்.

ஆசிரியர்கள் சொன்ன தீர்வு எளிது. மக்களைப் பெயர்க்காமல் அவர்கள் வாழும் இடத்திலேயே வீடுகளைச் சீர்செய்யுங்கள். புதுவீடு கட்டினால் உறவினர்களைச் சேர்த்தே குடியமர்த்துங்கள்.

குறைகள்

இனி நூலின் குறைகளைப் பார்க்கலாம். இவை அச்சுப் பிழை போன்ற சிறு குறைகள் அல்ல. இத்தகைய எந்த ஆய்வுக்கும் நேரக்கூடியவை.

முதலாவது, யாரிடம் கேட்டார்கள் என்பது. நீண்ட உரையாடலுக்குத் தேர்ந்த 45 தம்பதியரும் குறைந்தது இரண்டு சிறு பிள்ளைகள் உள்ளவர்கள். தாயின் உதவி அதிகம் தேவைப்படும் வயது அது. திருமணமாகாதவர், பிள்ளையில்லாதவர், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பெண்கள் ஆகியோரிடம் அதே அளவு நேரம் பேசியிருந்தால் 'தாய் வீடு' இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்குமா? யூதக் குடும்பங்களைப் பற்றியும் நூல் மிகக் குறைவாகவே பேசுகிறது. இந்நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் டவுன்சென்ட் முதியோரின் குடும்ப வாழ்வைப் பற்றி 1957-லும், பீட்டர் மாரிஸ் கணவனை இழந்த பெண்களைப் பற்றி 1958-லும் தனி நூல்கள் வெளியிட்டனர். அவற்றைச் சேர்த்துப் படித்தால் இக்குறை ஓரளவு நீங்கும்.

இரண்டாவது, எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பது. 17 சந்திப்புகள் 3 ஆகக் குறைந்த கணக்கு நூலிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. ஆனால் குடிபெயர்ந்தவர்களைக் குடிபெயர்ந்த பின்னரே ஆய்வாளர்கள் சந்தித்தனர். ஆகவே முதல் எண் நினைவிலிருந்து சொல்லப்பட்டது. அடுத்தவை நடப்பிலிருந்து சொல்லப்பட்டவை. விட்டுவந்த ஊர் நினைவில் இனிக்கும். குறைவு உண்மைதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அளவை அப்படியே ஏற்கக் கூடாது.

மூன்றாவது, எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பது. கிரீன்லீ அப்போது சில ஆண்டுகளே ஆன குடியிருப்பு. இக்குறையைத் திருத்தியவர் வில்மாட்டே என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. 1963-இல் அவர் வெளியிட்ட நூல் டாகன்ஹாமைப் பற்றியது. அங்கும் கிழக்கு லண்டன் மக்களே 1920-களிலும் 1930-களிலும் குடியமர்த்தப்பட்டிருந்தனர். ஒரு தலைமுறைக்கு மேல் கடந்த பின் அங்கும் தாய், மகள், தெரு என்ற பின்னல் பெருமளவு மீண்டும் முளைத்திருந்ததை அவர் கண்டார். பிள்ளைகள் வளர்ந்து அருகிலேயே குடியேறினால் புதிய இடமும் பழைய இடமாகிவிடும். எனவே கிரீன்லீயின் தனிமைக்கு இடமாற்றம் பாதிக் காரணம் என்றால், காலம் போதாதது மீதிக் காரணம்.

நான்காவது குறைதான் மிக முக்கியமானது: கேட்டவற்றில் எதை எழுதினார்கள்? ஜெனிஃபர் பிளாட் 1971-இல் எழுதிய நூலில் இந்நிறுவனத்தின் ஆய்வுகளை ஒட்டுமொத்தமாகப் பரிசீலித்து, சான்றுக்கும் முடிவுக்கும் இடையே உள்ள இடைவெளிகளைச் சுட்டினார். பின்னாளில் ஜான் லாரன்ஸ் என்னும் வரலாற்றாசிரியர், யங்கின் ஆவணங்களில் எஞ்சியிருந்த களக் குறிப்புகளையே எடுத்து மறுபடி வாசித்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உறவினரின் தலையீட்டை விரும்பாதவர்கள், அண்டை வீட்டாரிடமிருந்து விலகி வாழ நினைத்தவர்கள், பெத்னல் கிரீனை விட்டுப் போக ஏங்கியவர்கள், புதிய இடத்தில் மகிழ்ச்சியாக இருந்தவர்கள் ஆகியோரின் குரல்களும் அக்குறிப்புகளில் இருந்தன. நூலில் அவை மங்கிவிட்டன அல்லது விதிவிலக்காக ஓரத்தில் நின்றன.

இது வேண்டுமென்றே செய்த பொய் என்று நான் கருதவில்லை. குடும்பத்தை அரசு மறந்துவிட்டது என்ற எண்ணத்தோடு வந்தவருக்குக் குடும்பத்தைப் புகழும் சொல் கணீரென்று கேட்கும். குடும்பத்தைச் சலித்துக்கொள்ளும் சொல் மெல்லத்தான் கேட்கும். மாணவர் வீட்டுக்கு ஆசிரியர் போனால், 'வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது சார்' என்றுதான் முதலில் சொல்வார்கள். நாமும் அதைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பிவிடுவோம். வாசல்வரை வந்து தாழ்ந்த குரலில் பேசும் தாயின் இரண்டு வாக்கியங்களே சில நேரம் முழு உண்மை. நல்ல களக் குறிப்பில் வாசலில் சொன்னதும் இருக்கும். நல்ல நூலில் அதற்கும் இடம் இருக்க வேண்டும்.

தாய் வீட்டுக்கு அருகில் இருப்பது பலம் என்றால், தாயின் கண்பார்வையிலேயே இருப்பது பாரமும்தான். இரண்டையும் ஒரே பெண் ஒரே நாளில் உணரக்கூடும். இந்நூலில் வரும் பெண்கள் பெரும்பாலும் முதலாவதையே உணர்கிறார்கள்.

ஓர் ஆய்வின் பின்விளைவு

இந்தக் குறை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இந்நூல் நகரமைப்பாளர்களின் போக்கைக் கண்டிக்க உதவியது. சேரி ஒழிப்பு என்ற பெயரில் நல்ல தெருக்களை இடிப்பதற்கு எதிராகப் பேசியவர்களுக்கு வலுவான சான்றாயிற்று. அது நன்மையே. ஆனால் 'ஒரே இனமாக, உறவாகப் பின்னிப்பிணைந்த பழைய ஊர்' என்ற சித்திரத்தையும் அது நிலைநிறுத்தியது. அச்சித்திரத்துக்குள் புதிதாக வருபவருக்கு இடம் எங்கே?

1970-கள் முதல் வங்கதேசத்தின் சில்ஹெட் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் இப்பகுதியில் பெருகின. அருகிலுள்ள பிரிக் லேன் தெருவில் 1743-இல் ஹியூகனாட் மக்கள் கட்டிய வழிபாட்டு இல்லம், பின்னர் மெதடிஸ்ட் ஆலயமாகி, 1898-இல் யூதர்களின் தொழுகைக் கூடமாகி, 1976-இல் பள்ளிவாசலாயிற்று. அந்த ஒரு கட்டடமே இப்பகுதியின் உண்மை வரலாறு. யாரும் இங்கே ஆதியிலிருந்து இருந்தவர்கள் அல்லர்.

1980-களின் பிற்பகுதியில் டவர் ஹாம்லெட்ஸ் நிர்வாகம், உள்ளூர்க் குடியிருப்பாளர்களின் மகன்களுக்கும் மகள்களுக்கும் வீட்டு ஒதுக்கீட்டில் முன்னுரிமை தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தாய் மகளுக்காகப் பரிந்துரைத்த அதே வழக்கம் இப்போது அரசு விதியாகத் திரும்பி வந்தது. கேட்க இனிமையாக இருந்த அத்திட்டம், அண்மையில் குடியேறிய வங்கதேசக் குடும்பங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று கண்டிக்கப்பட்டது. உறவைக் காக்கும் விதி, உறவில்லாதவரை வெளியே நிறுத்தும் விதியாகவும் ஆகும்.

யங் தம் இறுதிக் காலத்தில் இக்கேள்விக்குத் திரும்பினார். ஜெஃப் டென்ச், கேட் கேவ்ரான் ஆகியோருடன் சேர்ந்து அவர் மேற்கொண்ட மறு ஆய்வு, 2002-இல் அவர் மறைந்த பிறகு, 2006-இல் 'தி நியூ ஈஸ்ட் எண்ட்' என்ற பெயரில் வெளிவந்தது. தேவையின் அடிப்படையில் வீடு தரும் முறையால் பழைய வெள்ளையர் குடும்பங்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தன என்று அது விளக்கியது. அவ்வுணர்வை அந்நூல் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டது என்றும், இனவெறிக்கு உரிய கவனம் தரவில்லை என்றும் பலர் எதிர்த்தனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. வங்கதேசக் குடும்பங்களிலும் தாய், பிள்ளைகள், மருமகள்கள், அடுத்த தெரு உறவினர் என்ற அதே பின்னல் இருந்தது. 1957-இல் அந்தப் பின்னலைப் புகழ்ந்த ஒரு மரபு, அரை நூற்றாண்டுக்குப் பின் அதையே வேறு மக்களிடம் கண்டபோது அதே அளவு மகிழ்ந்து வரவேற்றிருக்க வேண்டும்.

முடிவுரை

இந்நூலை இன்று எப்படி வாசிப்பது? பெத்னல் கிரீனைப் பற்றிய இறுதித் தீர்ப்பாக இதைக் கொள்ள முடியாது. ஆனால் கேள்வி கேட்கும் முறைக்கு இதைவிட நல்ல பாடநூல் குறைவு. 'உங்கள் குடும்ப உறவு எப்படி?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்ற பதில்தான் வரும். 'அம்மாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?' என்று கேட்டால் ஒரு நாள், ஒரு நேரம், ஒரு காரணம் வரும். பூத்தின் வரைபடத்தில் கறுப்பாகத் தெரிந்த ஊருக்குள் மனிதர்களைக் காட்டியது இந்த இரண்டாம் கேள்விதான். இடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அலுவலரின் கோப்பில் கழிப்பறையின் எண்ணிக்கை இருந்தது. தாய் வீட்டின் தூரம் இல்லை. அதைச் சேர்த்தவர்கள் யங்கும் வில்மாட்டும்.

அதே நேரத்தில், அன்றாட வாழ்வை ஆராய்வது என்றால் அன்றாட மனத்தாங்கலையும் ஆராய்வதுதான். சேர்ந்திருப்பதில் மகிழ்பவரையும், எப்போது கிளம்பலாம் என்று காத்திருப்பவரையும், நேற்றுத்தான் வந்து இறங்கியவரையும் ஒரே தெருவில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவரை மட்டும் அந்த ஊரின் குரலாக ஆக்கிவிட்டால், அடுத்தவருக்கு அங்கே வீடு கிடைக்காமல் போகும். பெத்னல் கிரீனில் அது உண்மையாகவே நடந்தது.

தம் ஊரின் பழைய பகுதி ஒன்றைக் கள ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் இந்நூலைப் படித்துவிட்டுச் செல்லலாம். கையேட்டில் இரண்டு பக்கங்களைத் தனியே விட்டுவைப்பது நல்லது. உங்கள் கருத்துக்கு ஒத்துவராத பதில்களை அவற்றில் எழுதி வாருங்கள். அறிக்கை எழுதும்போது அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.